பதினேழு கட்டங்களுக்குள் ஒரு மனிதன்

1972ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி இரவு, ஜப்பானிலுள்ள ஒசாகா நகரத்தின் சென்னிச்சி பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் தீப்பற்றி 118 பேர் மாண்டனர். மறு ஆண்டு நவம்பர் மாதத்தில் குமமோட்டோ நகரின் தாய்யோ அங்காடியில் மூண்ட நெருப்பு மேலும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. சென்னிச்சியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் புகையால் இறந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே செல்லும் வழியைக் காட்டும் பலகைகள் அக்காலத்து ஜப்பானியக் கட்டடங்களில் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் இருந்தவை நெருக்கமான கோடுகள் கொண்ட சித்திர எழுத்துக்கள். தெளிந்த வெளிச்சத்தில் அழகாக விளங்கும் அவ்வெழுத்துக்கள், கண் எரிய, மூச்சு முட்ட, தலை தெறிக்க ஓடுகிறவனுக்கு வெறும் கரும்புள்ளிகளாகவே தென்படக்கூடியவை. ஆகவே எழுத்தே இல்லாத ஒரு குறி வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் எழுபதுகளின் பிற்பகுதியில் நாடு தழுவிய போட்டி ஒன்றை நடத்தினார்கள். வந்து குவிந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சித்திரங்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒன்றை யூகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரும் அவருடன் உழைத்தவர்களும் செப்பனிட்டுத் தர, கதவை நோக்கி விரைந்தோடும் அந்தப் பச்சைப் பலகை மனிதன் பிறந்தான். 1987இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. அவனை ஏற்றுக்கொண்டது, இன்று திரையரங்கு, விமான நிலையம், ஆஸ்பத்திரி என்று நாம் எங்கே போனாலும் தலைக்கு மேலே அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

அவனை வரைவதில் என்ன பிரமாதம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஒரு வட்டம் தலை; ஐந்தாறு தடித்த கோடுகள் உடலும் கைகால்களும்; ஒரு நீள்சதுரம் கதவு. பள்ளிக்கூடத்துப் பையன் கூட ஸ்லேட்டில் வரைந்துவிடுவான் போலத்தான் இருக்கிறது. இந்தச் சுலபத் தோற்றத்துக்குப் பின்னே ஒரு கடுமையான கணக்கு நிற்கிறது. அந்தக் கணக்கை அறியாதவர்கள் கையில் எத்தனை உயர்ந்த சாதனத்தைக் கொடுத்தாலும் அவர்கள் வரைவது அழகிய படமாகுமே தவிர, ஆபத்துக்கு உதவும் குறியாகாது.

கணக்கு கண்ணிலிருந்து தொடங்குகிறது. ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். அருகருகே உள்ள இரண்டு விவரங்களைத் தனித்தனியே பிரித்தறிய, அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரு கலை அளவாவது கோணம் இருக்க வேண்டும் என்பது சராசரி மனிதக் கண்ணுக்கு இயற்கை விதித்திருக்கும் எல்லை. கண் வைத்தியர் சுவரில் மாட்டிவைத்து நம்மைப் படிக்கச் சொல்லும் எழுத்துப் பலகையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்: நல்ல பார்வைக்கு அடையாளமான வரியில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து கலை உயரமும், அதன் கோடுகள் ஒரு கலைப் பருமனும் உடையவை. இனி நமது பலகைக்கு வருவோம். உள்ளிருந்து விளக்கெரியும் வெளியேறு பலகையை, அதன் உயரத்தைப்போல் 200 மடங்கு தூரம் வரையில் நம்பலாம் என்பது ஐரோப்பியத் தர விதி. அதன்படி 15 செ.மீ. உயரப் பலகை 30 மீட்டர் தூரத்துக்குப் பயன்பட வேண்டும். முப்பது மீட்டருக்கு அப்பால் ஒரு கலை என்பது 8.7 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டரை 8.7ஆல் வகுத்தால் கிடைப்பது 17 சொச்சம்.

ஆக, பலகையின் முழு உயரத்திலும் அந்தக் கடைசி வரம்பில் கண் பகுத்தறியக் கூடியவை பதினேழு படிகள்தாம். கதவு, மனிதன், அவன் ஓட்டம், ஓடும் திசை எல்லாவற்றையும் பதினேழுக்குப் பதினேழு என்ற ஒரு சிறு கட்டச் சதுரத்துக்குள் சொல்லி முடித்தாக வேண்டும். இதுவும் நல்ல கண்ணும் நல்ல வெளிச்சமும் இருந்தால்தான். வயோதிகருக்கும், கண்ணாடியை எங்கோ தவறவிட்டவருக்கும், புகையினூடே பார்ப்பவருக்கும் பதினேழு என்பது பத்தாகவும் எட்டாகவும் குறைந்துபோகும். விரல்களை வரைய இடமில்லை. சட்டைக்குக் காலர் வைக்க இடமில்லை. முகத்தில் பீதியைக் காட்டலாம் என்று நினைப்பவருக்கு முகம் என்று ஒன்று இருக்கவே இடமில்லை.

இப்படிப்பட்ட சித்திரத்தை இக்காலத்தில் வரைவதற்கு வெக்டர் முறை என்ற ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கணினியில் படத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. புகைப்படத்தைப் போல, பிக்சல் எனப்படும் நுண்ணிய சதுரங்களாகப் படத்தைப் பிரித்து, ஒவ்வொன்றும் இன்ன நிறம் என்று எழுதிவைப்பது ஒரு வழி. நில அளவைக்காரர், வயலைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளாமல், எந்த மூலையில் எந்தக் கல், ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் எத்தனை தூரம் என்று புலப்படத்தில் குறித்துவைத்துக்கொண்டு வேண்டிய அளவில் எப்போது வேண்டுமானாலும் அந்த நிலத்தை வரைந்து காட்டுவது போல, புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் ரேகைகளின் விதியையும் மட்டும் வைத்துக்கொள்வது மற்றது. இந்த இரண்டாவதுதான் வெக்டர். அதில் வரைந்த வட்டத்தைத் தபால் தலையில் அச்சிட்டாலும் மாடிக் கட்டடத்தின் சுவரில் தீட்டினாலும் விளிம்பு சிதையாது. ஏனெனில் ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே கணக்கிடப்படுகிறது.

வளைந்த ரேகையின் விதி என்ன என்பதில் ஒரு சுவையான சரித்திரம் உண்டு. 1959இல் பிரான்ஸின் சித்ரோவன் மோட்டார் கம்பெனியில் பணியாற்றிய பால் த காஸ்டல்ஜோ என்ற கணித அறிஞர், காரின் உடற்பகுதி வளைவுகளைத் துல்லியமாக எழுதிவைக்க ஒரு வழி கண்டார். கம்பெனியோ அதை ரகசியமாகப் பூட்டிவைத்தது. போட்டிக் கம்பெனியான ரெனோவில் பியர் பெசியே என்ற பொறியியலாளர் தமது சொந்த முயற்சியால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, அறுபதுகளில் அதை வெளியிட்டார். ஆகவே வளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. முந்தியவருக்குக் கிடைக்க வேண்டிய புகழை முதலாளியின் பூட்டு விழுங்கிவிட்ட கதை விஞ்ஞானத்தில் இது ஒன்று மட்டுமன்று.

முறையோ அதி எளியது. நான்கு புள்ளிகளை வைத்து, அவற்றை வரிசையாக மூன்று நேர்கோடுகளால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டின் நடுவையும் குறித்தால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்த இரு கோடுகளின் நடுவைக் குறித்தால் இரண்டு. அவ்விரண்டையும் இணைத்த ஒற்றைக் கோட்டின் நடு, நமக்கு வேண்டிய வளைவின் மேல் இருக்கும் ஒரு புள்ளி. நடுவுக்குப் பதிலாகக் கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று வேறு விகிதங்களில் இதையே செய்துகொண்டு போனால் முழு வளைவும் உருப்பெற்று எழும். முதற்புள்ளியும் கடைசிப் புள்ளியும் வளைவின் முனைகள். நடுவிலுள்ள இரண்டும், வளைவைத் தம் பக்கமாக இழுத்துக்கொண்டு வெளியே நிற்கும் கைப்பிடிகள். ஆரத்தில் 0.5523 பங்கு நீளமுள்ள கைப்பிடிகளோடு இத்தகைய நான்கு துண்டுகளைச் சேர்த்தால் ஒரு வட்டம் ஆகும். உண்மையான வட்டத்திலிருந்து அது விலகுவது ஆரத்தின் 0.03 சதவீதத்துக்கும் குறைவு; பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் இந்தப் பிழை தலைமயிரின் கனத்துக்கும் உட்பட்டதே. 1984இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுமொழியும், 1987இன் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகருவியும், 2001இல் இணையத்துக்கான தரமாக அறிவிக்கப்பட்ட எஸ்.வி.ஜி. என்ற கோப்பு வகையும், அதையே தாய்மொழியாகக் கொண்டு 2003இல் தோன்றி இன்றும் காசில்லாமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகருவியும் இந்த நான்கு புள்ளி வித்தையின் மேல் நிற்பவையே.

இத்தனை துல்லியமும் குறி வரைபவனுக்கு ஒரு சோதனையாகவும் அமைந்துவிடுகிறது. திரையில் படத்தை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, முழங்கையின் வளைவு இரண்டு கைப்பிடிகளுக்கும் ஒத்து வழவழவென்று போகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். எத்தனை அருகே போனாலும் ரேகை கலங்காதிருப்பது கண்டு மேலும் அருகே போகவே மனம் இழுக்கும். குறியின் வாழ்வோ எதிர்த்திசையில் இருக்கிறது. அது விலகி விலகிச் சிறுத்து, பதினேழு கட்டமாகிக் கலங்கப்போகும் பொருள். ஆகையால் இதில் தேர்ந்தவர்கள் படத்தைப் பெரிதாக்குவதைவிடச் சிறிதாக்கிப் பார்ப்பதற்கே அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்பதும், அதுவே சரி என்பதும் என் அபிப்பிராயம்.

ஒரு மனிதனை வரைந்தே பார்ப்போமே. இங்க்ஸ்கேப்பில் 170 மி.மீ. பக்கமுள்ள சதுரத் தாளைத் திறந்து, பத்து மி.மீ.க்கு ஒரு கோடாகக் கட்டங்களை இட்டுக்கொண்டால் நமது பதினேழு கட்டங்களும் கண்முன்னே வந்துவிடும். தாள் முழுவதையும் பச்சையாக்கி, அதன் மேல் எட்டுக் கட்ட அகலமும் பதினான்கு கட்ட உயரமும் உள்ள வெள்ளை நீள்சதுரத்தை இடப்புறமாக நிறுத்தினால் கதவு தயார். தலைக்கு மூன்று கட்ட விட்டமுள்ள வட்டம். தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்தை வரைவதற்குப் பதிலாக ஒரு கட்டம் காலி விட வேண்டும். கழுத்தை வரைந்தால் தலையும் உடலும் ஒன்றாய்க் குழம்பி ஒரு மரக்கட்டை போல் ஆகும். இடைவெளி விட்டாலோ கண் தானே கழுத்தை இட்டுக்கொள்கிறது. உடலுக்கு மூன்று கட்டப் பருமனில் ஒரே கோடு. கைகால்களுக்கு இரண்டு கட்டப் பருமன். ஒரு கட்டப் பருமன் போதாதா என்றால், ஒன்று என்பது கண்ணின் எல்லைக்கோடு; எல்லையிலேயே குடியிருக்க முடியாது. கோட்டின் முனைகளையும் மூட்டுகளையும் உருண்டையாக வைக்கும் வசதி, கோட்டின் பருமனைக் குறிக்கும் அதே ஜன்னலில் இருக்கிறது. அதைத் தேர்ந்துகொண்டால் கையும் காலும் உடனே மனித அவயவங்களாகிவிடும்.

இனி ஓட்டம். உடற்கோடு சற்று முன்சாய்ந்திருக்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் மடிந்திருக்க வேண்டும். கால்களை எத்தனை அகட்டி வைத்தாலும் முழங்கால் மடியாதவன் காற்று வாங்க உலாவப் போகிறவனாகவே தெரிவான். சாய்வை மிகைப்படுத்தினாலோ அவன் தடுக்கி விழுகிறான்; வழுக்கும் தரை என்று எச்சரிக்கும் பலகைக்கும் நமது பலகைக்கும் வித்தியாசம் சில பாகைகளே. முன்பாதியுடல் கதவுக்குள் இருக்க, பின்னங்கால் கதவுக்கு வெளியே நீண்டிருக்கட்டும்: முழுவதும் உள்ளே வைத்தால் அவன் வாசலில் நிற்கிறான், முழுவதும் வெளியே வைத்தால் கதவு அவனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெள்ளைத் தட்டி.

இங்கேதான் வெக்டர் கருவியின் சாமர்த்தியம் வெளிப்படும் ஒரு சிக்கல் எழுகிறது. வெள்ளைக் கதவுக்குள் இருக்கும் பகுதி பச்சையாகத் தெரிய வேண்டும். பச்சைப் பின்புலத்தில் நீளும் கால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். கையால் நிறம் தீட்டுகிறவர் அந்த எல்லையைக் கண்ணிமைக்காமல் காக்க வேண்டியிருக்கும். கணினியிலோ, கோடுகளை முதலில் சுற்றளவுள்ள உருவங்களாக மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றிணைத்து ஒரே உருவமாக்கி, அதையும் கதவையும் ஒருங்கே தேர்ந்து, இரண்டும் மேற்படியும் இடத்தை மட்டும் நீக்கிவிடு என்று கட்டளையிட்டால் காரியம் முடிந்தது. கதவுக்குள் மனித வடிவில் ஒரு துளை விழுந்து அதன் வழியே பச்சை தெரியும், வெளியே நீண்ட கால் வெள்ளையாகவே நிற்கும். ஒன்றிணைப்பதை மறந்துவிட்டு நேரே நீக்கலுக்குப் போகிறவர்கள், கையும் உடலும் மேற்படியும் தோளில் வெள்ளைத் துண்டு ஒன்று முளைத்திருப்பதைக் கண்டு திகைப்பார்கள். இரண்டு மேற்படிந்தால் வெட்டுவது, மூன்று மேற்படிந்தால் நிரப்புவது, மீண்டும் நான்கானால் வெட்டுவது என்பதே அந்தக் கட்டளையின் நியாயம். அது சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது.

முடிந்தபின் படத்தைப் பதினேழு பிக்சல் உயரத்துக்கு ஏற்றுமதி செய்து பாருங்கள். அல்லது மங்கலாக்கும் கருவியைக் கொண்டு, புகையில் பார்ப்பது போல் கலக்கிப் பாருங்கள். கையும் உடலும் ஒட்டிக்கொண்டனவா? அவற்றின் நடுவே இன்னும் அரைக் கட்டம் விலக்குங்கள். இருண்ட பின்புலத்தில் ஒளிரும் வெள்ளை, தன் அளவைக் காட்டிலும் சற்றுப் பருத்தே கண்ணுக்குத் தோன்றும். எனவே இரண்டு வெள்ளைப் பகுதிகளின் நடுவே நிற்கும் பச்சை இடைவெளியைக் கணக்குக்கு மேல் கொஞ்சம் தாராளமாக விடுவதே விவேகம். நிறம் ஏன் பச்சை என்று சிலர் கேட்பதுண்டு. பாதுகாப்பான நிலையைக் குறிக்கப் பச்சை என்பது சர்வதேச உடன்பாடு. தீயின் செந்நிறத்தினிடையே அது தனித்துத் தெரியும் என்பது ஒரு பக்கமிருக்க, வெளிச்சம் மங்கும்போது நமது கண்ணின் கூருணர்வு மஞ்சள்பச்சையிலிருந்து நீலப்பச்சை நோக்கி நகர்வதால் செந்நிறப் பொருள்கள் முதலில் கறுத்துப்போகின்றன.

குறைவான ரேகைகளால் பேசும் இந்தக் கலையைக் கணினி தோற்றுவிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வியன்னாவில் 1925இல் ஓட்டோ நொய்ராத் நிறுவிய சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தில், கேர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் லினோலியத் தகட்டில் கத்தியால் செதுக்கி அச்சிட்ட உருவங்களே இன்றைய குறிகளுக்கெல்லாம் பாட்டன்மார். சுமார் நாலாயிரம் குறிகளை அவர் ஆக்கினார். கத்திக்கு நிழல் தெரியாது. அது அறிந்தது விளிம்பு ஒன்றே. வெக்டர் அறிந்ததும் விளிம்பு ஒன்றே. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக ஓட்ல் ஐஷர் என்ற வடிவமைப்பாளர் வரைந்த விளையாட்டு வீரர்கள், நேர்குத்து, படுக்கை, 45 பாகைச் சாய்வு என்ற கட்டுக்கோப்புக்குள்ளேயே அத்தனை ஆட்டங்களையும் ஆடிக்காட்டினார்கள். அழகில் அவற்றுக்கு நிகரில்லை. ஆயினும் ஓடித் தப்புகிறவனை 45 பாகைக்குள் அடைப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை. உயிர்பயம் அத்தனை ஒழுங்காக ஓடாது.

வடிவம் எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது புரிந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு உதாரணம் கதிரியக்க அபாயத்தைக் குறிக்கும் மூவிலைக் குறி. நடுவில் ஓர் ஆரமுள்ள வட்டம். அதன் ஒன்றரை மடங்கு ஆரத்திலிருந்து ஐந்து மடங்கு ஆரம் வரையில் விரியும் 60 பாகை இதழ் ஒன்று. அதை 120 பாகை வீதம் இருமுறை சுழற்றினால் குறி முடிந்தது. வெக்டர் கருவிக்கு இதைவிட உவப்பான வேலை இல்லை; ஒரு நிமிஷம் கூட ஆகாது. 1946இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில் பிறந்த இக்குறி, கல்வி பெற்றவனுக்கு எச்சரிக்கை, கல்லாதவனுக்கு மின்விசிறி. 2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுத் பிராக்கான் பகுதியில், கைவிடப்பட்ட கோபால்ட் சிகிச்சைக் கருவியொன்றைப் பழைய இரும்பென்று பிரித்தவர்களுக்கு அந்த மூவிலை ஒன்றும் சொல்லவில்லை, மூவர் மாண்டனர்.

நம் நாட்டுத் தேர்தல் சின்னங்களும் ஒருவகையில் இந்த இனத்தவையே: உதயசூரியனோ இரட்டை இலையோ தன்னளவில் எந்தக் கட்சியின் கொள்கையையும் சொல்வதில்லை; பழக்கத்தால் அது பெயராகிவிட்டது. பெயராக நிற்பதற்குப் பழக்கம் போதும், கட்டளையிடுவதற்குப் போதாது. பழகுவதற்கு அவகாசமில்லாத இடத்தில், முதல் பார்வையிலேயே பொருள் விளங்க வேண்டும். அதனால்தான் சர்வதேச அணுசக்தி நிறுவனமும் ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்து, இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்து, 2007இல் ஒரு துணைக்குறியை வெளியிட்டன: சிவப்பு முக்கோணத்துக்குள் மூவிலையிலிருந்து பாயும் அலைகள், ஒரு மண்டையோடு, அம்புக்குறி, ஓடும் மனிதன். கட்டடத்து வாசலில் ஒட்டுவதற்கன்று இது. அபாயகரமான கருவியின் உட்புறத்தில், பிரிக்கத் தொடங்குகிறவன் கண்ணில் மட்டும் படும்படி பொருத்துவதற்கு. ஓடுகிறவன் இங்கேயும் வேலைக்கு வந்துவிட்டான் என்பதைக் கவனியுங்கள். ஓடுவதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பாடம் தேவையில்லை.

குறிகளை மக்களிடம் காட்டி, இது என்ன, இதைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு மதிப்பிடுவதற்கென்றே தனியாக ஒரு சர்வதேச விதிமுறை இருக்கிறது. வீட்டிலிருந்தபடி வரைகிறவருக்கும் அதன் சாரம் கூடியதே: படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வீட்டு வேலைக்கு வருகிறவர், தபால்காரர், எதிர்வீட்டுப் பாட்டி ஆகியோரிடம் காட்டி, அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்வது. வரைந்தவரே விளக்கம் கூறத் தொடங்கிவிட்டால் சோதனை கெட்டது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. நமது மனிதன் இடப்பக்கம் ஓடுகிறான். வாசல் வலப்பக்கம் இருக்கும் கட்டடத்துக்கு அவனைத் திருப்ப வேண்டும். ஒரே விசையை அழுத்தினால் கண்ணாடி பிம்பம் போல் முழுப் படமும் திரும்பிவிடும். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று தர விதியிலும் இரண்டு தனிக்குறிகள் உண்டு. ஆனால் இதே விசையைப் புகைபிடிக்கக் கூடாது என்பது போன்ற தடைப் பலகைகளில் அழுத்தினால் சிகரெட்டுடன் சேர்ந்து சிவப்புக் குறுக்குப் பட்டையும் திரும்பிவிடும். அந்தப் பட்டை எந்த நாட்டிலும் மேல் இடமிருந்து கீழ் வலமாகவே 45 பாகையில் இறங்க வேண்டும் என்பது விதி. ஆகவே வட்டத்தையும் பட்டையையும் தனி அடுக்கில் வரைந்து பூட்டிவைத்துவிட்டு, உள்ளே இருக்கும் உருவத்தை மட்டும் திருப்ப வேண்டும்.